சேலத்து வீட்டில் செயற்கைப் பூ அலங்காரம்: வாங்குவது முதல் கழுவிக் காயவைப்பது வரை

செயற்கைப் பூ வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் இதழைத்தான் பார்க்கிறார்கள். நிறம் அழகாக இருந்தால் எடுத்துவிடுகிறார்கள். வீட்டில் கொண்டுவந்து வைத்ததும், வாசலில் நிற்கும்போதே இது பிளாஸ்டிக் என்று தெரிந்துவிடுகிறது. காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இதழ் இல்லை. காம்பு, இலை, அப்புறம் எல்லாப் பூவும் ஒரே திசையைப் பார்த்து விறைத்து நிற்கும் விதம். விலை கூடின பூவாலும் இது சரியாகாது. பார்த்து வாங்குவது பாதி வேலை, வளைத்து வைப்பது மீதி வேலை. சேலத்தின் வெயிலுக்கும் தூசிக்கும், ஏற்காட்டின் பனிமூட்டத்துக்கும் ஏற்றபடி இரண்டையும் எப்படிச் செய்வது என்பதைக் கீழே வரிசையாகச் சொல்லியிருக்கிறோம்.

1. கடைக்குப் போகுமுன் இடத்தை முடிவு செய்யுங்கள்

பூவை வாங்கிவிட்டு இடம் தேடினால் காசு வீண். முதலில் இடம், பிறகு சாடி, கடைசியில் பூ. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வைக்கப்போகும் மேசை அல்லது அலமாரித் தட்டின் அகலம், ஆழம், மேலே உள்ள இடைவெளி மூன்றையும் டேப் வைத்து அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். பகலில் ஒரு படம், இரவில் விளக்குப் போட்டு ஒரு படம் எடுங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் வெள்ளைப் பூ பழுப்பேறியதுபோலவும், ஊதா மங்கலாகவும் தெரியும். கடையில் நிறம் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் படம் உதவும்.

வைக்கக் கூடாத இடங்கள் சில உண்டு. மேற்குப் பார்த்த ஜன்னல் முதலாவது. சேலத்தில் மார்ச் முதல் மே வரை அடிக்கும் பிற்பகல் வெயில் துணிப் பூவின் சாயத்தை வெளுக்கவைக்கும், பிளாஸ்டிக் இலையை மொறுமொறுப்பாக்கி உடைக்கும். இரண்டாவது அடுப்படி. எண்ணெய்ப் புகை படிந்த பூவில் தூசி பசைபோல ஒட்டிக்கொள்ளும். கழுவினாலும் முழுதாகப் போகாது. மூன்றாவது, ஃபேனுக்கு நேர் கீழே. கனமில்லாத சாடி ஆடி ஆடிக் கவிழ்ந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பூஜை இடம். குத்துவிளக்கு, கற்பூரத் தட்டு, ஊதுபத்தி இவற்றின் அருகில் செயற்கை மாலையோ தோரணமோ தொங்கக் கூடாது. பாலியஸ்டரும் பிளாஸ்டிக்கும் தீப்பட்டால் உருகிச் சொட்டும். சொட்டுகிற துளியும் எரியும். நவராத்திரிக் கொலுவில் படிகளுக்கு ஓரமாகச் சுற்றும் பூச்சரத்துக்கும் இது பொருந்தும். விளக்கை கொலுப்படியிலிருந்து தள்ளித் தனி மேடையில் வையுங்கள். சாமி படத்துக்கு உதிரிப் பூவே போதும்.

2. எந்தப் பூ என்று பூ மார்க்கெட்டில் தீர்மானியுங்கள்

ஒரு நாள் காலையில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குப் போய்வாருங்கள். வாங்க வேண்டாம், பாருங்கள். ஒரு கட்டு ரோஜாவில் எத்தனை முழுதாக விரிந்திருக்கின்றன, எத்தனை மொட்டு, எந்த இலையின் ஓரம் பழுத்திருக்கிறது, சம்பங்கிக் காம்பு எந்த இடத்தில் வளைகிறது என்று கவனியுங்கள். இரண்டு மூன்று கட்டுகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு அடுக்கும்போது அதுவே மாதிரி.

இந்த ஊரில் ஒரு வீட்டில் இயல்பாக இருக்கக்கூடிய பூ என்றால் பார்ப்பவர் மனம் சந்தேகப்படாது. சேலம் நகருக்குள் ரோஜா, சம்பங்கி, ஜெர்பரா, சாமந்தி, ஆந்தூரியம் எல்லாம் நம்பும்படி இருக்கும். ஏற்காட்டு வீட்டுக்கு ஹைட்ரேஞ்சியா, டேலியா, ஆர்க்கிட் பொருத்தம். வெளியே தோட்டத்தில் இருப்பதன் தொடர்ச்சியாகத் தோன்றும். அஸ்தம்பட்டி அடுக்குமாடி வரவேற்பறையில் ஆள் உயர செர்ரிப் பூ மரம் வைத்தால் கல்யாண மண்டபம் நினைவுக்கு வரும்.

நீல ரோஜா, மினுமினுப்புத் தூவியது, இதழில் பசைத் துளியைப் பனித்துளியாக ஒட்டியது மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். செயற்கை மல்லிகைச் சரமும் வேண்டாம். மல்லிக்கு மணம்தான் பாதி. அது இல்லாத சரம் கிட்டப் போனதும் ஏமாற்றிவிடும். ஒரு சாடிக்கு அதிகபட்சம் மூன்று வகைப் பூ, இரண்டு வகை இலை.

3. என்ன பொருளில் செய்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடையில் 'சில்க் பூ' என்று சொல்வது பெரும்பாலும் பாலியஸ்டர் துணி. ரோஜா, ஹைட்ரேஞ்சியா, டேலியா போன்ற மெல்லிய, பல அடுக்கு இதழுள்ள பூக்களுக்கு இது நன்றாக வரும். வெட்டின ஓரத்தில் நூல் பிரிந்தால் மலிவு ரகம்.

'ரியல் டச்' என்பது இதழின் மேல் லேடெக்ஸ் அல்லது பாலியூரித்தேன் பூச்சு கொடுத்தது. தொட்டால் குளிர்ச்சியாக, சற்று ஈரமாக இருப்பதுபோலத் தோன்றும். துலிப், ஆர்க்கிட், லில்லி, ஆந்தூரியம் போலத் தடித்த இதழுள்ள பூக்களுக்கு இதுதான் சரி. ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் மணிக்கணக்கில் விட்டால் பூச்சு பிசுபிசுக்கும், இதழோடு இதழ் ஒட்டும். வாங்கியதும் நேராக வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

முழுக்கப் பிளாஸ்டிக்கில் வார்த்தவை இலைக்கும் கொடிக்கும் சரி, பூவுக்குச் சரிவராது. பால்கனிக்கு வாங்கினால் புற ஊதாக் கதிரைத் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ரகம் ஒரு கோடையிலேயே வெளுக்கும். ஃபோமில் செய்த ரோஜா மண்டப அலங்காரத்துக்கு ஆகும். வீட்டில் கிட்ட நின்று பார்த்தால் இதழின் தடிமன் காட்டிக்கொடுத்துவிடும்.

4. கடையில் ஒவ்வொரு ஸ்டிக்கையும் (காம்போடு கூடிய தனிப் பூ) சோதித்து எடுங்கள்

சின்னக் கடை வீதிப் பக்கத்து ஃபேன்சி கடைகளோ, ஐந்து ரோட்டுப் பக்கத்து வீட்டு அலங்காரக் கடைகளோ, எங்கே போனாலும் பகலில் போங்கள். கடை விளக்கில் நிறத்தை நம்பாதீர்கள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

முதலில் காம்பு. அச்சில் வார்த்த தையல் கோடு நீளவாக்கில் துருத்திக்கொண்டிருந்தால் வைத்துவிடுங்கள். காம்பு முழுக்க ஒரே பச்சையாக இல்லாமல், அடிப்பக்கம் சற்று அடர்ந்தோ பழுப்பாகவோ இருக்க வேண்டும். உள்ளே கம்பி இருக்கிறதா என்று மெதுவாக வளைத்துப் பாருங்கள். விட்டதும் பழைய நிலைக்குத் துள்ளித் திரும்பினால் கம்பி இல்லை, அல்லது மெலிசு. அதை வீட்டிலும் வளைக்க முடியாது.

அடுத்து இலை. நரம்பு அச்சடித்த கோடாக மட்டும் இல்லாமல் தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட வெளிறியிருக்க வேண்டும். இலை பளபளவென்று மின்னினால் எட்டடி தூரத்திலிருந்தே பிளாஸ்டிக் என்று தெரியும்.

பிறகு இதழ். நடுவிலிருந்து ஓரத்துக்கு நிறம் படிப்படியாக மாறுகிறதா பாருங்கள். பூவைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பாருங்கள். பசை வழிந்த தடமும் வெள்ளைப் பிளாஸ்டிக் குமிழும் தெரிந்தால், சாடியில் சாய்ந்து நிற்கும்போதும் அவை தெரியும். அடர் சிவப்பு, ஊதா, கருநீலம் வாங்கினால் ஈரக் கைக்குட்டையால் ஓர் இதழை ஒற்றி எடுங்கள். சாயம் ஒட்டினால் அந்தப் பூவைப் பிறகு கழுவ முடியாது.

ஒரே வகையில் ஐந்து ஸ்டிக் எடுக்கிறீர்கள் என்றால் ஐந்தும் ஒரே அளவில் விரிந்ததாக எடுக்காதீர்கள். இரண்டு முழுதாக விரிந்தது, இரண்டு பாதி, ஒன்று மொட்டு. இந்த ஒரு விஷயம் மற்ற எல்லாச் சோதனையையும்விடப் பலன் தரும்.

5. செலவு, பில், வாங்கும் காலம்

விலை கடைக்குக் கடை மாறும். சாதாரண துணிப் பூக் கொத்து சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ரியல் டச் பூவுக்கு ஒற்றை ஸ்டிக் கணக்கில் விலை சொல்வார்கள், மொத்தம் கூட்டிப் பார்த்தால் மூன்று நான்கு மடங்கு ஆகிவிடும். அதனால் பட்ஜெட்டை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒரு மூலைக்கு 2,000 ரூபாய் என்றால் பூவுக்கு 1,000, இலைக்கு 400, சாடிக்கு 400, கல், டேப், ஃபோம் வகைக்கு 200. இலைக்குப் பணம் ஒதுக்காமல் எல்லாவற்றையும் பூவில் போடுவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. கிட்ட நின்று பார்க்கும் இடத்தில் ரியல் டச், அலமாரி உச்சியில் துணி என்று கலந்து வாங்கினால் செலவு குறையும்.

ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். செயற்கைப் பூ, இலை, பழம் மூன்றுக்கும் எச்எஸ்என் குறியீடு (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) 6702. பில்லில் சாடி தனி வரியாகவும் பூ தனி வரியாகவும் இருக்கட்டும்; ஒரு ஸ்டிக் பழுதானால் மாற்ற அதுதான் ஆதாரம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சிட்டிருந்தால் பணம் கொடுக்குமுன் ஒவ்வொரு தலையையும் லேசாக இழுத்துப் பாருங்கள். பூத்தலை காம்பிலிருந்து கழன்றுவருவதுதான் அதிகம் நடக்கும் பழுது.

ஆன்லைனில் வாங்கினால் படத்தை விட்டுவிட்டு அளவைப் படியுங்கள். 'கொத்து' என்று போட்டிருப்பது ஒரே காம்பில் ஏழு சிறு தலையாக இருக்கலாம், ஏழு தனி ஸ்டிக்காகவும் இருக்கலாம். பூத்தலையின் விட்டம், காம்பின் நீளம் இரண்டும் செ.மீ.யில் கொடுக்கப்படாத பொருளைத் தொடவேண்டாம். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் காலக்கெடு எத்தனை நாள் என்பதை ஆர்டர் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

முகூர்த்தம் நெருங்கிய மாதங்களிலும் நவராத்திரிக்கு முந்தைய வாரத்திலும் அலங்காரக்காரர்கள் மொத்தமாக எடுத்துப்போவார்கள். நிதானமாகப் பொறுக்க முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும், பேரமும் படியும்.

ஏற்காட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் சேலத்திலேயே வாங்கி, வாளிக்குள் நிறுத்தி, தலைகளுக்கிடையே பழைய துணி செருகிக் கொண்டுபோங்கள். படுக்கவைத்த பெட்டி 20 கொண்டை ஊசி வளைவுகளில் அப்படியும் இப்படியும் சரிந்து இதழை நசுக்கிவிடும்.

6. மடிப்பை எடுத்து, கையால் வளையுங்கள்

எல்லோரும் தாண்டிப்போகும் படி இதுதான். ஒரு சாடிக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

துணிப் பூவின் மடிப்பை எடுக்க, கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் ஒரு சாண் உயரத்தில் பத்து விநாடி காட்டி, விரலால் நீவிவிட்டு ஆறவிடுங்கள். நடுவில் இருக்கும் இதழ்களை விட்டுவிடுங்கள். அங்கே ஆவி பட்டால் பசை இளகும். ரியல் டச் பூவுக்கு ஆவி வேண்டாம், ஹேர் டிரையரை மிதமான சூட்டில் அரையடி தள்ளிப் பிடித்தால் போதும்.

காம்பை ஒரே இடத்தில் மடக்காதீர்கள்; கம்பி உடைந்து பச்சை உறை வெளுக்கும். கட்டை விரலால் நீவி நீவி, அடியிலிருந்து மேல்வரை மெல்லிய வளைவாகக் கொண்டுவாருங்கள். பூத்தலைக்குக் கீழே இரண்டு விரற்கடை இடத்தில் சற்று அதிகமாக வளைத்துத் தலையைச் சாயுங்கள். கனமான தலை எடையால் தாழும், மொட்டு நிமிர்ந்து நிற்கும். மார்க்கெட்டில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு செய்யுங்கள். இலைகளில் ஒன்றிரண்டை முறுக்கிவிடுங்கள், சிலதைக் கீழ்நோக்கித் தள்ளுங்கள். ஓர் இலையைக் கத்தரித்து எடுத்துவிட்டாலும் தவறில்லை. எந்தச் செடியிலும் இலை சீராக முளைப்பதில்லை.

7. சாடியில் நிறுத்துங்கள்

அளவுக் கணக்கு எளிது. சாடியின் வாய்க்கு மேலே தெரியும் பூவின் உயரம் சாடி உயரத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. 20 செ.மீ. சாடி என்றால் வாய்க்கு மேல் 30 முதல் 40 செ.மீ. சாப்பாட்டு மேசையில் மட்டும் இந்தக் கணக்கை விட்டுவிட்டு, சாடியோடு சேர்த்து 30 செ.மீ.க்குள் நிறுத்துங்கள், எதிரில் உட்கார்ந்தவர் முகம் தெரிய வேண்டும்.

8 முதல் 10 செ.மீ. வாயுள்ள சாடிக்கு ரோஜாவானால் ஐந்து பூ, இரண்டு மொட்டு, நான்கு இலைக் காம்பு. ஹைட்ரேஞ்சியாவானால் மூன்று தலையே நிரம்பிவிடும்.

வாய் அகலமான சாடியில் காம்புகள் ஓரத்துக்குச் சரியும். வாயின் குறுக்கே ஒளி ஊடுருவும் டேப்பை இரண்டு செ.மீ. இடைவெளியில் கட்டம்போல ஒட்டிவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காம்பு செருகுங்கள். ஃபோம் வைப்பதானால் உலர் ஃபோம் கேளுங்கள். தண்ணீரில் ஊறும் பச்சை ஃபோம் புதுப் பூவுக்கானது, செயற்கைக் காம்பின் கனத்தில் பொடிந்துவிடும். தெர்மாகோல் வைத்தால் க்ளூ கன் தொடாதீர்கள், சூட்டில் கரைந்து குழியாகும், ஃபெவிகால் போதும்.

காம்பு நீளமாக இருந்தால் உடனே வெட்டாதீர்கள். அடியை மடக்கி உள்ளே விட்டுப் பாருங்கள். வெட்டியே ஆகவேண்டும் என்றால் கட்டிங் பிளையர் வேண்டும்; வீட்டுக் கத்தரிக்கோல் மழுங்கிப்போகும்.

முதலில் இலைகளைச் செருகி ஒரு கூடுபோல அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடுவில் சற்றுத் தள்ளி உயரமான பூ, அதற்குக் கீழே இரு பக்கமும் வெவ்வேறு உயரத்தில் மற்றவை, கடைசியில் சாடி விளிம்பைத் தொட்டு வெளியே சாயும் ஒன்று. விளிம்பை மறைக்கும் அந்தப் பூ இல்லாவிட்டால் கொத்து சாடியில் குத்தி வைத்ததாகத் தெரியும்.

சாடிக்கு அடியில் கனம் தேவை. கூழாங்கல் அல்லது கழுவிய மணல் மூன்றில் ஒரு பங்கு நிரப்புங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றுகிறவர்கள் நேரடியாகக் கண்ணாடியில் ஊற்ற வேண்டாம். இறுகும்போது சூடாகி, சற்று விரிந்து, கண்ணாடியை விரிசலாக்கும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் டம்ளரை வைத்து அதில் ஊற்றுங்கள்.

கண்ணாடிச் சாடியில் நிஜத் தண்ணீர் ஊற்றினால் பார்வைக்கு நம்பும்படி இருக்கும். ஆனால் வெட்டின நுனியிலிருந்து கம்பி துருப்பிடித்துத் தண்ணீர் பழுப்பாகும். ஊற்ற விரும்பினால் நுனியை க்ளூ கன்னால் முழுதாக அடைத்து, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். தண்ணீர்போலத் தெரிய எபாக்சி ரெசின் (கலந்து ஊற்றினால் கண்ணாடிபோல இறுகும் பிசின்) ஊற்றுகிறவர்கள் பாக்கெட்டில் போட்ட விகிதம் எடைக்கா, கன அளவுக்கா என்று பார்த்து அதன்படியே கலந்து, மெல்லிய அடுக்காக ஊற்றுங்கள். ஏற்காட்டில் மழைக்காலத்தில் இதைச் செய்யாதீர்கள். குளிரில் இறுகத் தாமதமாகும், ஈரக் காற்றில் மேற்பரப்பு பால்போல மங்கும்.

8. வாடகை வீட்டில் சுவரும் நிலைப்படியும்

பூச்சரம் மாட்ட ஆணி அடிப்பதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தில் துளையிடுவது பற்றிய வரியைப் பாருங்கள், வீட்டுக்காரரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். முன்பணத்தில் பிடித்தம் செய்யும்போது அது பேசும். இருபக்க டேப் சுண்ணாம்புச் சுவரில் நிற்காது, பெயிண்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். நிலைப்படி மரத்தில் சிறு கொக்கிகள் மாட்டி மீன்பிடி நரம்பில் கட்டுவது நல்லது. சரத்துக்கு அடி ஒன்றுக்கு ஒரு கட்டு. இடைவெளி கூடினால் நடுவில் தொய்ந்து தலையில் இடிக்கும்.

9. தூசி, கழுவுதல், பத்திரம்

சேலத்தில் வாரம் ஒருமுறை பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள், அல்லது ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஊதுங்கள். படிந்து இறுகிய தூசியில் ஈரத்துணி போட்டால் சேறாகி இழைக்குள் இறங்கிவிடும். முதலில் தட்ட வேண்டும், பிறகுதான் துணி.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவலாம். ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி ஷாம்பு. காம்பைக் கையில் பிடித்துத் தலையை மட்டும் தலைகீழாக அமிழ்த்தி ஆட்டுங்கள். காம்பு நனைந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். போர் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் இதழில் உப்புத் திட்டு வெள்ளையாகப் படியும். கடைசி அலசலைக் குடிநீரில் செய்யுங்கள். நிழலில், ஃபேன் காற்றில், கொடியில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

துணிப் பூவைக் கல்லுப்போடு பையில் போட்டுக் குலுக்கித் தூசி எடுக்கும் முறை சேலத்தின் வறண்ட மாதங்களுக்குச் சரி. ஏற்காட்டில் வேண்டாம். ஒட்டியிருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கம்பியை அரிக்கும்.

ஏற்காட்டில் தூசியைவிடப் பூஞ்சணம்தான் பிரச்சினை. சாடியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். அலங்காரத்துக்குப் போடும் பாசி, தேங்காய் நார், சணல் மூன்றிலும் வடகிழக்குப் பருவமழையில் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். அங்கே கூழாங்கல்தான் நிற்கும். கரும்புள்ளி வந்த இலையைத் தனியே எடுத்து, சோப்பு நீரில் துடைத்து, நன்கு காய்ந்த பிறகே திரும்பச் செருகுங்கள்.

எடுத்துவைக்கும்போது அட்டைப் பெட்டியில் தலைகள் மாறிமாறி வரும்படி அடுக்கி, இடையில் மெல்லிய காகிதம் வைத்து, பெட்டியின் மேல் எதையும் ஏற்றாமல் வையுங்கள். ஓட்டுக்கூரை அல்லது மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணில் வேண்டாம். ஏப்ரல் சூட்டில் பசை இளகித் தலைகள் கழன்றுவிடும். கட்டிலுக்கு அடியில் வைக்கலாம். ஓரம் பிரிந்து வெளுத்தவற்றைத் தீயிட்டுக் கொளுத்தாதீர்கள், புகை நச்சு. பிளையரால் கம்பியை உருவிப் பழைய இரும்போடு போட்டுவிட்டு, மீதியை மக்காத குப்பையாகத் துப்புரவுப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள்.